ஒட்டிய உறைக்குள் எண்பத்தொன்பது புள்ளி

அந்த மென்பொருள் கம்பெனியின் மூன்றாம் மாடியில் எள் போட்டால் விழாது. வேறு மாடிக்காரர்களும் வேலையைப் போட்டுவிட்டு வந்து, நாற்காலி மேல் ஏறி எட்டிப் பார்த்தார்கள். புள்ளிச் சித்தர் வந்திருக்கிறாராம்!

மென்பொருள் வேலை எதுவானாலும் தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, மேலே கெடுத் தேதியை மட்டும் குறித்துத் தந்தால் போதும். பிரிக்காமலே நெற்றியில் வைத்து, அந்த வேலையின் சிக்கல் இத்தனை புள்ளி என்று சொல்லிவிடுவார். எத்தனை நாளாகும் என்று மட்டும் கேட்கக் கூடாது. 'நாள்' என்ற சொல் விழுந்தால் சிக்கல் கோபித்துக்கொள்ளுமாம். இதை நம்பியவர்கள் படிக்காதவர்கள் அல்ல. பாவம், நிறையப் படித்துவிட்டார்கள்.

டெஸ்டர் அக்காவுக்கோ நாள்தான் வேண்டியிருந்தது. மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது அவள் உத்தியோகம். பத்தாம் தேதி அவள் தங்கைக்குப் பிரசவம். கூட இருக்க வேறு நாதியில்லை.

விடுப்புக் கேட்டாள். "நம்ம டீம் கைல இருக்கிற வேலை இருபத்தொரு புள்ளிம்மா. முடிச்சுட்டுப் போ" என்றார் மேலாளர்.

"எப்ப சார் முடியும்?"

"ஷ்ஷ்! சித்தர் காதுல விழப்போகுது!"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சித்தரையே உற்றுப் பார்த்தாள். உறை நெற்றிக்குப் போகுமுன் அவர் கண் மேலே இருந்த தேதியில் ஒரு மேய்ச்சல் மேய்ந்தது. தேதி கிட்டே இருந்தால் இரண்டு, மூன்று. எட்ட இருந்தால் ஐம்பத்தைந்து. ஓகோ, சங்கதி இதுதானா!

மறுநாள் இரண்டு உறைகளை நீட்டினாள். ஒன்றின்மேல் 'இந்த வெள்ளி'. மற்றதன்மேல் 'அடுத்த வருடம்'.

"முதலாவது லேசு. ரெண்டு புள்ளி" என்றார் சித்தர். இரண்டாவதை வைத்ததும் தள்ளாடினார். இருவர் ஓடிவந்து தாங்கினார்கள். "எண்பத்தொன்பது! நெத்தி சுடுதே!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. ஒருவன் அழுதே விட்டான்.

அக்கா இரண்டையும் கிழித்து மேலாளரிடம் தந்தாள். "சத்தமாப் படிங்க சார்."

"பொத்தானைப் பச்சை நிறமாக்கு." அடுத்த தாள். "பொத்தானைப்... பச்சை நிறமாக்கு."

"ரெண்டும் ஒரே வேலை. அதுவும் போன மாசமே முடிஞ்ச வேலை. செய்ய அரை மணி நேரம்தான் ஆச்சு."

"முடிஞ்ச வேலையோட ஆவி..." என்று இழுத்தார் சித்தர்.

"வேலை எவ்வளவு சிக்கல்னு உக்காந்து பேசறது நல்லதுதான் சாமி. அதுக்கு உறையையாவது பிரிக்க வேண்டாமா?"

மேலாளர், அக்கா சோதிக்கும் மென்பொருளை எழுதுகிற புரோகிராமர் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "கைல இருக்கிறது நெஜமா எத்தனை... நாள்?"

"மூணு நாள் சார். எட்டாம் தேதி முடிஞ்சிடும்."

"இதை ஏன்யா சொல்லல?"

"யாரு சார் கேட்டீங்க?"

வானம் இடிந்து விழவில்லை. சிக்கலும் கோபித்துக்கொள்ளவில்லை. சித்தர் மட்டும் மின்தூக்கிக்குக்கூடக் காத்திராமல் படியில் இறங்கி ஓடினார்.

ஒன்பதாம் தேதி காலை, பையும் கையுமாக நின்ற அக்கா கூட்டாளிகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"நெத்திக்கு வெளியில எதை எதையோ வெச்சுப் பாத்தாச்சு. உள்ள ஒண்ணு இருக்கே, பிறந்ததிலேர்ந்து பிரிக்காமலே வெச்சிருக்கீங்களே, அதையும் ஒரு நாள் பிரிச்சுப் பாருங்கப்பா!"