புள்ளிக்குப் பின்னால் என்ன?

"என்ன இறங்கியிருக்கு, எவ்வளவு இறங்கியிருக்கு? அதுகூடத் தெரியாம எப்படி அனுப்பினீங்க?" என்று கேட்டு மேலாளரம்மா ஃபைலை மேஜைமேல் போட்டார். போட்டார் என்பது மரியாதைக்கு. எறிந்தார்.

மருத்துவமனையின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அந்த அறையில், பதினோரு வருடமாக நோய்களுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தவரை எல்லோரும் 'புள்ளி' என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர் எழுதியதைப் படித்து, அதற்குரிய குறியீட்டைத் தேடிப் பிடித்து, இன்சூரன்ஸ்காரர்களுக்கு அனுப்புவது அவர் வேலை. குறியீட்டில் புள்ளிக்குப் பின்னால் ஓர் எண் விட்டுப்போனால் அன்று அவருக்குச் சோறு தொண்டையில் நிற்கும்.

இந்த ஃபைலில் டாக்டர் எழுதியிருந்தது ஒரே வரி: 'கீழே இறங்கியிருக்கிறது. அறுவை சிகிச்சை தேவை.' இறங்கியது காய்ச்சலா, லிஃப்டா? மகளிர் பிரிவுத் தாள் என்பதால் கர்ப்பப்பையாக இருக்கும் என்று புள்ளி ஊகித்தார். ஊகத்துக்குக் குறியீடு கிடையாது. 'விவரம் இல்லை' என்பதற்கான எண்ணைப் போட்டு அனுப்பினார். அது சுவரில் அடித்த பந்தாகத் திரும்பி வந்துவிட்டது.

"டாக்டரையே கேளுங்க. எழுத்துல கேளுங்க. ஆனா பதிலை நீங்களே ஊட்டி விடக்கூடாது. விதி அப்படி."

"ஊட்டாம கேட்டா அவர் வாயே திறக்க மாட்டாரே மேடம்."

"உங்க கணக்குல நூத்துக்கு தொண்ணூத்து நாலுதான் சரியா இருக்கு. தொண்ணூத்தஞ்சுக்குக் கீழ இருக்கிறவங்க பட்டியலை மேலிடம் கேட்டிருக்கு."

அந்தப் பட்டியல் விருந்துக்குக் கூப்பிட அல்ல என்று புள்ளிக்குத் தெரியும். உடனே கேள்வி எழுதி மாடிக்கு அனுப்பினார். 'எந்த உறுப்பு? எந்த அளவு?'

மறுநாள் பதில் வந்தது. 'கர்ப்பப்பை. பாதி.'

பாதி இறக்கத்துக்கான எண்ணைப் போட்டார். நான்கே நாளில் இன்சூரன்ஸ் பதில்: 'பாதிதான் என்றால் அறுவை எதற்கு? உடற்பயிற்சி செய்யட்டும்.'

அடுத்த வாரம் அந்த ஃபைலுக்குரிய பெண்ணே படியிறங்கி வந்துவிட்டாள். ஐம்பது வயதிருக்கும். சலவைத் தொழிற்சாலையில் நின்றுகொண்டே ஈரத் துணி தூக்கும் வேலை. உட்காரச் சொன்னதற்கு வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, கவுண்டர் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பாதிதான்னு நீங்க எழுதினதால லீவு கிடையாதுன்னுட்டாங்க சார். முழுசா இறங்கினா வந்து சொல்லுன்னு சூப்பர்வைசர் சொல்றான்."

"நான் எழுதலைம்மா. டாக்டர் சொன்னதுக்கு நான் எண் போட்டேன், அவ்வளவுதான்."

"அப்போ நான் சொல்றேன், எழுதிக்கங்க. என் உடம்புல எது இறங்குதுன்னு எனக்குத் தெரியாதா?"

"நோயாளி சொன்னா செல்லாதும்மா. டாக்டர் எழுதினாத்தான் நோய்."

"அப்போ வலி?"

"வலிக்கு வேற எண்."

அவள் கவுண்டரிலிருந்து கையை எடுத்தாள். பிறகு ஒரு படிக்கு ஒரு மூச்சு வாங்கி மேலே ஏறிப் போனாள். புள்ளிக்கு அன்று மத்தியானச் சாப்பாடு ருசிக்கவில்லை. இந்த ஃபைலை முடிக்காமல் விடுவதில்லை என்று வைராக்கியம் வந்தது.

டாக்டருக்கு எழுத நேரமில்லை என்றுதானே பிரச்சினை? ஒரு படிவம் தயாரித்தார். பாதி, முழுசு, மூத்திரப்பை, மலக்குடல் என்று கட்டம் கட்டமாகப் போட்டு, பொருந்துவதற்கு மட்டும் டிக் போடக் கேட்டார். படிவம் ஒரு மணி நேரத்தில் திரும்பியது. டாக்டர் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டிருந்தார்.

பாதியையும் முழுசையும் சேர்த்துப் பதிந்ததும் கம்ப்யூட்டர் மிரண்டு ஃபைலையே பூட்டிவிட்டது. பூட்டைத் திறக்க மூன்று கையெழுத்து, பன்னிரண்டு நாள். அதற்குள் அந்தப் பெண்ணைச் சலவைத் தொழிற்சாலை வேலையை விட்டே நிறுத்திவிட்டதாக வரவேற்பறையில் சொன்னார்கள்.

புள்ளிக்குப் பொறுக்கவில்லை. விதியை மூட்டை கட்டி வைத்துவிட்டு நேராக டாக்டருக்கு ஃபோன் போட்டார்.

"ஐயா, பாதியும் முழுசும் சேர்ந்து வராதுங்க."

"சரி, முழுசுன்னு போட்டுக்கங்க."

"மலக்குடலும் டிக் ஆகியிருக்குங்க."

"அதை எடுத்துடுங்க."

"மூத்திரப்பை இறக்கம் நடுவுலயா, பக்கவாட்டுலயா?"

"உங்களுக்கு எது சௌகரியம்?"

எந்த டாக்டரும் தன்னிடம் இவ்வளவு பணிவாகப் பேசிப் புள்ளி கேட்டதில்லை. "நடுவுலன்னா சீக்கிரம் முடியுங்க."

"நடுவுலதான்."

"வெளியே எத்தனை சென்டிமீட்டர் வந்திருக்குன்னு கேப்பாங்க..."

"மூணரை."

புள்ளிக்கு உச்சி குளிர்ந்தது. மூன்று புள்ளி ஐந்து! புள்ளி வைத்துப் பேசுகிறவர் பொய் பேச மாட்டார் என்பது அவருடைய நம்பிக்கை. பேசியதை அப்படியே எழுதி மாடிக்கு அனுப்பி, கையெழுத்தும் வாங்கிவிட்டார்.

இந்த முறை ஃபைல் திரும்பவில்லை. ஒன்பதாம் நாள் அனுமதி வந்தது. கூடவே ஒரு குறிப்பு: 'இவ்வளவு துல்லியமான ஆவணம் அபூர்வம்.' மேலாளரம்மா அதை நகல் எடுத்துச் சுவரில் ஒட்டினார். புள்ளியின் கணக்கு தொண்ணூற்றைந்தைத் தொட்டது.

பதினோரு வருடத்தில் முதன்முறையாக ஒரு ஃபைலைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு புள்ளி மாடி ஏறினார். மகளிர் பிரிவில் நர்ஸ் ஊசிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், அந்தச் சலவைத் தொழிற்சாலை அம்மாவுக்கு அனுமதி வந்துடுச்சு! கர்ப்பப்பை முழு இறக்கம், மூத்திரப்பை நடுப்பக்கம், மூணு புள்ளி அஞ்சு சென்டிமீட்டர். ஒரு எழுத்து தப்பில்லை!"

"ரொம்ப நல்லதாப் போச்சு சார்," என்றார் நர்ஸ், எண்ணிக்கை விட்டுப்போகாமல். "நாளைக்கே வரச் சொல்லுங்க. அன்னைக்குக் கூட்டத்துல அவங்க வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போனதோட சரி, டாக்டர் இன்னும் ஒரு தடவைகூட அவங்களைப் பரிசோதிச்சுப் பார்க்கவே இல்லை."