ஜாதகம் இல்லாமல் கோப்பு இல்லை

ஒரு மனிதனைப் பைத்தியமாக்க உலகத்தில் எத்தனையோ வழிகள் உண்டு. மலேசியாவின் ஈப்போவில் ஒரே வழிதான் இருந்தது. அதற்கு ஜாதகம் என்று பெயர்.

ஜாதகம் ஒரு மனிதர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் புழங்கியதாக நினைவில்லை. ஜெலாப்பாங்கில், ரப்பர் தோட்டங்கள் பலவற்றின் கணக்கைப் பார்த்துக்கொண்ட எங்கள் அலுவலகத்தின் கணினி அறையில் அவர் மூத்த புரோகிராமர். யாழ்ப்பாணக் குடும்பம். குளிரூட்டிய அறைக்குள்ளும் டை கட்டுவார். அந்த டைக்கு ஒரு கிளிப். அந்தக் கிளிப்பில் ஒரு காகிதம். அந்தக் காகிதத்தில் "நீலம், ஒரு முடிச்சு" என்று எழுதியிருக்கும் என்று மணியம் சத்தியம் செய்வான். மணியம் எங்கள் ஆப்பரேட்டர். டை விஷயத்தில் அவனை நம்ப வேண்டாம். மற்றவை உண்மை.

அப்போது கோப்பு என்றால் வெறும் எண்களின் ஊர்வலம். மூன்று, பூஜ்யம், நான்கு, ஒன்று என்று காந்த நாடா நெடுக ஓடும். அவை மழையா, மரமா, மாதச் சம்பளமா என்று எழுதியவனுக்கு மட்டும் தெரியும். அவனும் அடுத்த மாதம் மறந்துவிடுவான். இது பொறுக்காமல் ஜாதகம் ஃபோர்ட்ரான் என்னும் கணினி மொழியில் இரண்டு செயல்நிரல்கள் எழுதி வைத்திருந்தார். கோப்பை உண்டாக்குவதற்கு 'புவாட்', வாசிப்பதற்கு 'பாச்சா'. செய், படி என்று இரண்டு மலாய்ச் சொற்கள், அவ்வளவுதான். ஆனால் புவாட்டைக் கூப்பிட்டால் அது எண்களை வாங்குமுன் நம்மை விசாரிக்கும். எத்தனை நிரை, நிரைக்கு எத்தனை எண், என்ன அளவு, எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம், அளந்தது யார், இதையெல்லாம் உனக்குச் சொன்னது யார்? அத்தனை பதிலும் கோப்பின் தலையில் ஏறிக்கொள்ளும். தலையில்லாத கோப்பைப் பாச்சாவிடம் கொடுத்தால் அச்சுப்பொறி ஒரு முழுத் தாளைத் துப்பும். அதில் "சியாப்பா இனி?" என்று ஒரே வரி. மலாயில், இது யார்? அந்தத் தலையைத்தான் நாங்கள் ஜாதகம் என்றோம். பெயர் பிறகு அவருக்கே ஒட்டிக்கொண்டது.

கோப்போடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவருடைய மங்குத் தீனில், அதாவது சாப்பாட்டு அடுக்கில், ஒட்டுத்தாள் இருக்கும்: "மூன்று அடுக்கு. கீழிருந்து மேல். அளவு: கரண்டி." கறி வைக்காத நாளில் அவர் மனைவி அந்த இடத்தில் மைனஸ் தொண்ணூற்றொன்பது என்று எழுதி அனுப்புவார். ஜாதகத்தின் சட்டத்தில் பூஜ்யம் என்றால் பார்த்தோம், ஒன்றுமில்லை. மைனஸ் தொண்ணூற்றொன்பது என்றால் பார்க்க அங்கே எதுவுமே இல்லை. இந்த மனிதரோடு குடித்தனம் நடத்திய அந்த அம்மாளுக்கு அரசாங்கம் ஏதாவது பட்டம் கொடுத்திருக்கலாம்.

மேலாளர் கூட்டத்தில் வழக்கம்போல "பிரச்சினை ஒன்றும் இல்லையே?" என்று கேட்பார். நாங்கள் "இல்லை சார்" என்று எழுந்திருப்போம். பின்னாலிருந்து ஒரு குரல் வரும்.

"பார்த்து இல்லையோ, பாராமல் இல்லையோ?"

கூட்டம் மறுபடியும் உட்காரும்.

கேன்டீன் அக்கா விஷயம் தெரியாமல், பெயரை மட்டும் நம்பித் தன் மகளின் ஜாதகத்தைக் கொண்டுவந்து அவரிடம் நீட்டினார். அவரும் வாங்கினார். கண்ணாடியை மாற்றிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"பன்னிரண்டு கட்டம், சரி. எந்தக் கட்டத்தில தொடங்கிறது? எந்தப் பக்கம் சுத்திறது? ஒண்டும் எழுதேல்லையே. நடுவில வெறுமையாக் கிடக்கு, உது பூஜ்யமோ, பாராததோ?"

"பொருத்தம் பாருங்கன்னா, பொண்ணு கட்டமே சரியில்லன்னு சொல்றாரு லா இந்த மனுசன்!" என்று அக்கா கொதித்துப் போனார். அதன்பின் பல நாள் எங்கள் எல்லாருடைய தேநீரிலும் சீனி இல்லை. பார்த்து இல்லை.

இந்த மனிதரிடம்தான் என் பிழைப்பு வந்து மாட்டியது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியை மிதித்த முதல் ஆள் நான். அப்பா, அம்மா இருவரும் சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர்கள். எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. அதற்குள் அப்பா லயம் என்கிற தொழிலாளர் குடியிருப்பு முழுக்க "எம் மவன் கம்ப்யூட்டர் ஆபீசரு" என்று சொல்லி முடித்திருந்தார். அந்த நேரம் பார்த்து எங்கள் தோட்டத்திலேயே ஒரு காட்டில், அதாவது ரப்பர் மரங்கள் நட்ட ஒரு பகுதியில், வேர் நோய். கங்காணி ஒவ்வொரு மரமாகப் பார்த்துக்கொண்டே நடந்து எண் போட்டிருந்தார். நல்ல மரத்துக்குப் பூஜ்யம், செத்த மரத்துக்கு நான்கு. அதை நான் கோப்பாக்கி வரைபடம் போட வேண்டும். வரைபடம் காட்டும் இடத்தில் மரத்தைச் சாய்த்துப் பள்ளம் வெட்டுவார்கள். வெள்ளிக்கிழமை மேலாளர் பார்க்கிறார். சரியாக இருந்தால் எனக்கு நிரந்தரம். இல்லாவிட்டால் திரும்பிப் போய் லயத்தில் அப்பா முகத்தில் விழிக்க வேண்டும்.

போட்டேன். காட்டின் இரண்டு கரையிலும் நோய், நடுவில் சுத்தம். பார்க்க அழகாகவே இருந்தது. ஜாதகம் வரைபடத்தைத் தொடவே இல்லை. கோப்பின் தலையைத்தான் படித்தார்.

"இடமிருந்து வலம் எண்டு போட்டிருக்கிறீர். சொன்னது யார் எண்ட இடத்தில உம்மட பேர் கிடக்கு. நீர் பார்த்தனீரோ?"

"அண்ணே, எல்லாரும் அப்படித்தானே எழுதுவாங்க!"

"எல்லாரையும் பார்த்தனீரோ?"

"வெள்ளிக்கிழமை கேக்குறாங்க அண்ணே. விட்டுடுங்கண்ணே."

"சரி, விடுவம். நாளைக்குக் காலமை பஸ் எத்தனை மணிக்கு?"

வந்தார். டையோடு வந்தார். தாப்பாவில் பஸ் நின்றபோது இறங்கித் தேநீர் குடித்துவிட்டு, அந்தக் குவளையில் எவ்வளவு கொள்ளும் என்று கடைக்காரரோடு தகராறு செய்து, பஸ்ஸைத் தவறவிட வைத்தார். தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பால் வெட்டி முடித்தவர்கள் வாளியோடு உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவும் இருந்தார். கம்ப்யூட்டர் ஆபீசரும் அவருக்கு மேல் ஆபீசரும் வருவதைக் காடே வேடிக்கை பார்த்தது.

ஜாதகம் என் வரைபடத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு முதல் நிரையில் நடந்தார். மரத்துக்கு மரம் நின்றார். எண்ணும் மரமும் ஒத்துப்போயின. எனக்கு மூச்சு வந்தது. நிரையின் கோடிக்குப் போனார். பிறகு வரைபடத்தை மடித்தார், கைகளை வீசிக்கொண்டு, ஒரு மரத்தையும் பாராமல், வந்த வழியே முழுத் தூரமும் திரும்பி நடந்து எங்களிடம் வந்தார். அட்டை கடித்த காலைச் சொறிந்தார். இரண்டாவது நிரையின் தொடக்கத்தில் நின்று, மறுபடியும் வரைபடத்தை விரித்தார்.

"யாருடா இவரு, கீழ எதையாச்சும் போட்டுட்டாரா?" என்றார் ஒருவர்.

"இல்லண்ணே, படிக்கிறாரு," என்றேன். வேறென்ன சொல்ல?

இரண்டாவது நிரையில் செத்த மரம் என்று நான் போட்டிருந்த இடத்தில் மரம் செழிப்பாக நின்றது. கோடிவரை போனார். மறுபடியும் கைவீசித் திரும்பினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சிரிப்பு காடு முழுக்கப் பரவியது.

அம்மாவுக்கு மட்டும் பாவமாக இருந்தது. "ஏன்டா, அந்தப் பிள்ளைய வெயில்ல இப்படி வெறுமனே நடக்க வைக்கிற? போனவரு அடுத்த நிரையில வரக்கூடாதா?"

நான் பிறந்ததிலிருந்து இந்தக் காட்டில் எவரும் அப்படி நடந்து பார்த்ததில்லை. ஒரு நிரையில் போவார்கள், அடுத்த நிரையில் வருவார்கள். கங்காணியும் அப்படித்தான் நடந்திருப்பார், அப்படித்தான் எழுதியிருப்பார். இரண்டுக்கு ஒரு நிரை என் கோப்பில் தலைகீழாகக் கிடந்தது. என் எண்கள் சொன்னபடி நடக்கிற மனிதர் உலகத்தில் ஒருவர்தான், அவர் இப்போது மூன்றாவது நிரையின் கோடியில் இருந்தார்.

"அண்ணே! போதும்! அங்கேயே திரும்பி அடுத்த நிரையில வாங்க!"

அவர் அங்கிருந்தே கத்தினார்: "தலையில இடமிருந்து வலம் எண்டெல்லோ கிடக்கு! தலையை மாத்தும், நான் திரும்புறன்!"

ஓடினேன். மூச்சிரைக்க அவர் கையிலிருந்த தாளில், அவர் முதுகிலேயே வைத்து, "போக ஒரு நிரை, வர ஒரு நிரை" என்று எழுதினேன். வாங்கிப் படித்தார். டையைச் சரிசெய்தார். பிறகுதான் திரும்பி நாலாவது நிரையில் நடந்தார், மரத்துக்கு மரம் நின்று. எல்லாம் ஒத்துப்போனது.

வெள்ளிக்கிழமை வரைபடத்தில் நோய் ஒரே கரையில், ஓடையோரமாகக் கிடந்தது. மறுகரை மரங்கள் பிழைத்தன. மேலாளர் தலையாட்டிவிட்டு, "பிரச்சினை ஒன்றும் இல்லையே?" என்றார்.

"இல்லை சார்," என்றேன். "பார்த்துத்தான் சொல்கிறேன்."

பின் வரிசையில் முதல்முறையாகச் சத்தமில்லை. எனக்கு வேலை நிரந்தரமானது.

சில வருடங்களில் ஜாதகத்தைக் கோலாலம்பூருக்கு மாற்றிவிட்டார்கள். அலுவலகம் நிம்மதியாக மூச்சுவிட்டது; கேன்டீன் அக்கா அன்று எல்லாருக்கும் சீனி தூக்கலாகப் போட்டார்.

போன தீபாவளிக்குத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அந்தக் காட்டை அழித்துச் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, போடப் போகிறார்கள் என்றார்கள். பார்த்துவிட்டு வரலாம் என்று அம்மாவோடு போனேன். முதல் நிரையில் கோடிவரை நடந்தேன். பிறகு வந்த வழியே, கைகளை வீசிக்கொண்டு, திரும்பி வந்தேன்.

"ஏன்டா, அடுத்த நிரையில வந்திருக்கலாமில்ல?" என்றார் அம்மா.

"வரலாம்மா," என்று சொல்லிவிட்டு, இரண்டாவது நிரையின் தொடக்கத்தில் போய் நின்றேன்.