அரிசி மெத்தை

என் வீட்டு அரிசியை எந்தக் கொம்பனும் தொட முடியாது என்று நான் சபதம் எடுத்தபோது கடையில் பஞ்சு மூட்டை மேல் கால் நீட்டிப் படுத்திருந்தேன். பெரிய முடிவுகளைப் படுத்தபடிதான் எடுப்பேன். உட்கார்ந்தால் யோசனை வராது. நின்றால் என் மனைவி ஏதாவது வேலை சொல்லிவிடுவாள். நான் மெத்தை தைக்கிறவன். படுப்பதும் தொழிலில் ஒரு பகுதி என்று அவளுக்கு எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன்.

காலம் கெட்டுக் கிடந்தது. கடைகளில் பாதி நாள் ஷட்டர் ஏறுவதே இல்லை. லாரி வருகிறது, வருகிறது என்றார்கள்; புழுதிதான் வந்தது. வரிசையில் நின்றால் நம் முறை வரும்போது சரக்கு தீர்ந்துவிடும். நல்லவேளை, என் மனைவிக்கு முன்யோசனை அதிகம். விலை ஏறும் முன்பே அரிசியும் பருப்பும் மூட்டையாக வாங்கிப் போட்டிருந்தாள். அடுத்த விளைச்சல் சந்தைக்கு வரும்வரை எங்களுக்கு அதுதான் உயிர். அது போனால் பட்டினிதான்.

பயம் வந்தது எதிர்வீட்டுக் கடிகாரக்காரரால். பட்டப்பகலில் எவனோ அவர் வீட்டுப் பூட்டை உடைத்திருந்தான். பீரோவைத் தொடவில்லை. மேசையில் பழுதுபார்த்து வைத்திருந்த கடிகாரங்கள் எல்லாம் அது அது இருந்த இடத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அரிசி டின்னை மட்டும் துடைத்து எடுத்துக்கொண்டு போயிருந்தான். அவருக்கு மூன்று சின்னக் குழந்தைகள். அவர்கள் வாசல்படியில் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அதனால் பார்க்காமல் இருந்தேன்.

"அவங்களுக்குக் கொஞ்சம் குடுக்கலாங்க" என்றாள் மனைவி.

"நமக்கே இழுத்துப் பிடிச்சாத்தான் காணும். தெருவுக்கே சோறு போட நான் என்ன மகாராஜாவா?"

அவள் பதில் சொல்லவில்லை. குடும்பம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும், மனைவி பதில் சொன்னால் சண்டையோடு போய்விடும், சொல்லாவிட்டால்தான் ஆபத்து. அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. நான் திட்டத்தில் மிதந்துகொண்டிருந்தேன்.

"அரிசியை மெத்தைக்குள்ள வச்சுத் தைக்கப் போறேன்" என்றேன்.

"எந்த மெத்தைக்குள்ள?"

"நாம படுக்கிற மெத்தைதான். தலையணையில பருப்பு."

"படுத்தா குத்தாதா?"

"சோத்து மேல படுத்திருக்கோம்னு நினைச்சாலே தூக்கம் சொக்கிக்கிட்டு வரும்டி."

"அப்ப சமைக்கிறதுக்கு?"

"அடுப்படி டின்ல இருக்கறதை மொதல்ல செலவு பண்ணு. அது காலியானா சொல்லு, ஓரத்தைப் பிரிச்சு எடுத்துத் தரேன். நான்தான் பிரிப்பேன். நான்தான் தைப்பேன். வேற யார் கை பட்டாலும் தையலைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவேன்."

"கெட்டிக்காரர்தான்" என்று சொல்லி ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள். இத்தனை வருடமாக எனக்கு நூல் கோத்துக் கொடுப்பது அவள்தான். எனக்குத் தூக்கம் வரும்போது மீதித் தையலைப் போட்டு முடிப்பதும் அவள்தான். எனக்கு அடிக்கடி தூக்கம் வரும்.

ஊசியை உள்ளே விட்டு, ஒரு சுற்று சுற்றி, முடிச்சை உறைக்கு உள்பக்கமாக ஒளித்துவிடும் தையல் ஒன்று என்னிடம் உண்டு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் முடிச்சு அகப்படாது. அந்தத் தையலைப் போட்டு மெத்தையைக் கட்டிலில் ஏற்றினோம். கட்டில் ஒரு முனகு முனகியது. பழகிவிட்டது.

அந்த மெத்தையில் நான் தூங்கிய தூக்கத்தைச் சொல்ல வேண்டும். புரண்டால் உள்ளே சரசரவென்று ஒரு சத்தம். தூரத்தில் எங்கோ மழை பெய்கிற மாதிரி இருக்கும். அதைக் கேட்டுக்கொண்டே கண்ணை மூடினால் கனவில் ஒரு வயல் வரும். நெற்கதிர் என் இடுப்பு உயரத்துக்கு நிற்கும். நான் அதன் மேல் மிதந்துகொண்டே போவேன், கால் தரையில் படாது. வயல் முடிகிற இடத்தில் பெரிய பானையில் சோறு கொதிக்கும். யாரோ என்னைச் சாப்பிடக் கூப்பிடுவார்கள். போவதற்குள் விடிந்துவிடும். அந்தச் சோற்றை ஒரு நாளாவது சாப்பிட்டுவிட வேண்டும் என்று சீக்கிரமே படுக்கப் போக ஆரம்பித்தேன்.

அதிசயம் என்னவென்றால் என் பழைய கழுத்துவலி போயே போய்விட்டது. பருப்புத் தலையணையின் மகிமை. சொல்லக்கூடாத ரகசியம் என்பதால், ஏதோ புதுசாக ஒரு தலையணை தைத்திருக்கிறேன் என்று மட்டும் பக்கத்துக் கடை சலூன்காரரிடம் சொன்னேன். அவர் என் கழுத்தை அமுக்கிப் பார்த்து, "கெட்டியான தலையணையா இருக்கும்போல" என்றார். சொல்லிவிட்டு ஏனோ கத்தரிக்கோலைத் தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டார்.

தினமும் காலையில் எழுந்ததும் தையலைத் தடவிப் பார்ப்பேன். இம்மி பிசகவில்லை. இன்னொரு அதிசயம், அடுப்படி டின் காலியாகவே இல்லை. இருவரும் வயிறாரச் சாப்பிடுகிறோம், டின்னில் அரிசி அதே அளவில் நிற்கிறது. உலைக்குப் போடும்போது ஒரு கைப்பிடி குறைத்துக்கொள் என்று நான் கட்டளை போட்டிருந்தேன். எல்லாம் அந்தக் கைப்பிடி செய்கிற வேலை என்று மனைவிக்கு எடுத்துச் சொன்னேன். சிக்கனத்தைப் பற்றி நான் பேசப் பேச அவள் கேட்டுக்கொண்டே எனக்கு இரண்டாம் தடவை சோறு போட்டாள்.

எதிர்வீட்டுக் குழந்தைகளும் எப்படியோ தேறிவிட்டார்கள். கன்னத்தில் சதை பிடித்துத் தெருவில் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். கடிகாரக்காரர் என்னை எங்கே பார்த்தாலும் கையெடுத்துக் கும்பிட்டார். ஒன்றும் கொடுக்காத மனிதனுக்கு இவ்வளவு மரியாதையா என்று கூச்சமாக இருந்தது. என் முகராசி அப்படி என்று சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அப்படி இருக்கையில் அந்த நாள் வந்தது. மதியச் சாப்பாடு கொண்டுவந்த மனைவி, ஒரு பெரிய ஆர்டரை முடிக்க என்னோடு கடையிலேயே தங்கிவிட்டாள். பொழுது சாய வீட்டுக்கு வந்தோம். கதவு திறந்திருந்தது. பூட்டு கீழே கிடந்தது. உள்ளே ஓடினேன். கட்டில் வெறும் கட்டிலாக நின்றது. மெத்தை இல்லை. தலையணை இல்லை.

தெருவில் விசாரித்தேன். ஒருவன் தள்ளுவண்டியோடு வந்தானாம், மெத்தையை ஏற்றிக்கொண்டு போனானாம். மெத்தைக்காரர் வீட்டிலிருந்து மெத்தை போனால் யார்தான் ஏன் என்று கேட்பார்கள். வேட்டி துவைக்கிறவர் வீட்டிலிருந்து வேட்டி போகிற மாதிரி. இதில் மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் தெருவில் இருக்கும் தன் வீட்டுக்கு வந்த சலூன்காரர் வேறு அவனுக்கு உதவி செய்திருக்கிறார்.

"பாவம், தனியா தூக்க முடியாம தவிச்சான். ஒரு கை பிடிச்சு ஏத்தி விட்டேன்" என்றார் அவர். துளி வருத்தம் இல்லை முகத்தில்.

வீட்டுக்குத் திரும்பி வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் அழுதேன். விளைச்சல் வர இன்னும் எத்தனை காலம் இருக்கிறது. இவளுக்கு நான் என்னத்தைப் போடுவேன். எதிர்வீட்டுக் குழந்தைகள் வாசல்படியில் உட்கார்ந்திருந்த கோலம் அப்போதுதான் எனக்கு முழுசாகத் தெரிந்தது. அன்றைக்கு ஒரு படி கொடுத்திருந்தால் அதுவாவது மிஞ்சியிருக்குமே என்று சொல்லிச் சொல்லி அழுதேன்.

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

"அழாதீங்க. அரிசி போகல."

"மெத்தையே போயிடுச்சேடி."

"மெத்தைதான் போச்சு. உள்ள இருந்தது மணல். தெருக்கோடியில பாதியில நின்னுபோன வீடு இருக்கே, அங்கிருந்து அள்ளிட்டு வந்தேன். தலையணையில பொடி ஜல்லி."

என் கழுத்தை நானே தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"தையல் பிரியலையே."

"உங்க தையலை நான் போட்டா உங்களுக்கே தெரியாது."

பாதித் தையல் அவள் போட்டதுதான் என்று என் வாடிக்கைக்காரர்களுக்கே தெரியும்.

"அரிசியை என்ன பண்ணே?"

"கடிகாரக்காரர் வீட்ல வச்சேன். ஒரு தடவை திருட்டுப் போன வீட்டுக்கு எவன் மறுபடி வருவான்? அங்க ஒண்ணும் இல்லைன்னு அவனுக்கே தெரியுமே. அவங்க பாத்துக்கிட்டாங்க. பாத்துக்கிட்டதுக்குப் புள்ளைங்க சாப்பிட்டுச்சுங்க. நம்ம டின்னையும் அவங்கதான் நிரப்பிக் குடுத்தாங்க."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அரிசி இருக்கிறது என்ற ஒரே நினைப்பில் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. இருந்தாலும் புருஷன் என்கிற முறையில் ஒரு கேள்வி கேட்கக் கடமைப்பட்டவன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"எப்படிச் சொல்றது? மெத்தை தைச்ச மறுநாள் சாப்பாடு எடுத்துட்டுக் கடைக்கு வந்தேன். பஞ்சு மூட்டை மேல தூங்கிட்டிருந்தீங்க. தூங்கிக்கிட்டே பேசறீங்க. மெத்தையில அரிசி, தலையணையில பருப்பு, தொடாதே, தொடாதேன்னு. கடை வாசல்ல சலூன்காரரும் போறவங்க வர்றவங்களும் நின்னு கேட்டுட்டிருக்காங்க."

எத்தனை வருடமாக மதியம் கடையில் தூங்குகிறேன், என்னென்ன சொல்லியிருப்பேனோ என்று நினைத்துப் பார்த்தேன். நினைக்காமல் இருப்பதே நல்லது என்று தோன்றியது.

"கேட்ட கூட்டத்துல திருடனும் நின்னிருப்பான். வரட்டும்னு விட்டோம். வந்தா தூக்கி விடுறேன்னு சலூன்காரர் அன்னிக்கே சொன்னார்."

நான் எழுந்தேன். நடந்தது நடந்துவிட்டது, இனிமேலாவது ஒரு ஆண்பிள்ளையாக நான் பொறுப்பெடுத்துக்கொள்ள வேண்டும். கடிகாரக்காரர் வீட்டுக்குப் போய் அரிசிக்குக் காவல் இருக்கப் போகிறேன் என்றேன். சொல்லும்போதே ஒரு கொட்டாவி வந்துவிட்டது.

"இப்ப அங்க இல்லைங்க. காலையிலதான் எல்லாருமாச் சேர்ந்து வேற இடத்துக்கு மாத்தினோம்."

"எந்த இடம்?"

அவள் ஒரு பாயை விரித்து, கடையிலிருந்து கொண்டுவந்த பஞ்சுத் தலையணையைத் தட்டிப் போட்டாள்.

"தெருவுல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. எல்லாருக்கும் தெரியும். உங்ககிட்ட மட்டும் சொல்ல மாட்டாங்க."