காவிரியின் அதிகாரபூர்வ ஒலி

உலகில் ஒலி எப்போது தோன்றியது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தஞ்சாவூரில் அது தோன்றியது 2019 ஆகஸ்டு பத்தாம் தேதி, சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு என்பதில் மட்டும் இரண்டு கருத்து கிடையாது. அதற்கு முன்பு இந்தப் பக்கத்து மக்கள் நாதஸ்வரம், தவில், ஆராதனை என்று ஏதோ பொழுதைப் போக்கிக்கொண்டிருந்தார்கள். பாவம், அவர்களிடம் லேப்டாப் இல்லை.

அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் 'மின்னணு இசையாக்கமும் கேம் ஆடியோவும்: இரு நாள் சர்வதேசப் பயிலரங்கு'. நடத்த வந்த 'ஒலிச் சிற்பி' பரிதி, ஒரத்தநாட்டில் பிறந்து கனடாவில் இரண்டு குளிர்காலம் கழித்தவர். அவருடைய பெட்டியில் விமான நிலையச் சீட்டு கிழியாமல் ஒட்டியிருந்ததால் 'சர்வதேச' என்ற சொல்லுக்கு யாரும் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை. இடம், கல்வித் தந்தை இளையபெருமாள் அவர்களின் பொறியியல் கல்லூரி. அவர் கல்விக்குத் தந்தையானது ஐந்தாறு வருடங்களாகத்தான். அதற்கு முன்பிருந்தே அவருக்குப் பதினான்கு லாரிகள் உண்டு. அவை என்ன ஏற்றுகின்றன என்பதை அழைப்பிதழில் போடும் வழக்கமில்லை.

முதல் நாள் முழுவதும் வரவேற்புரை, வாழ்த்துரை, முன்னிலை உரை, பொன்னாடை. மாலை நாலு மணிவரை அந்த ஒலிப் பயிலரங்கில் கேட்ட ஒரே ஒலி கைதட்டல். ஆறாவது வரிசையில் ஷம்சாத் எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டாள். பொன்னாடைக்குக்கூடத் தேர்வில் மதிப்பெண் இருக்குமோ என்று பயம்.

அவளுக்கு முப்பத்தாறு வயது. வீடு திருவையாற்றுக்குக் கிழக்கே, ஆற்றங்கரையோரம். கணவர் அன்சார் பதினோரு வருடமாக ஷார்ஜாவில் ஒரு மளிகைக் கடையில் நிற்கிறார். போட்டோவைப் பார்த்தால் ஊர் தூரமாகத் தெரிகிறது, சத்தம் அனுப்பு, அதைக் கேட்டால் வீட்டில் இருப்பதுபோல் இருக்கிறது என்று அவர் ஒருமுறை சொல்லப்போக, அவள் போனைத் தூக்கிக்கொண்டு அலைய ஆரம்பித்தாள். ஓட்டில் விழும் மழை, கதிர் அறுக்கும் மெஷின், மீன்காரரின் கூவல், மகள் ஓதுவது என்று நானூறு சத்தங்கள் சேர்ந்துவிட்டன. காற்று இரைச்சலை நீக்கித் துலக்கவும் தானாகவே கற்றுக்கொண்டாள்.

கல்லூரியில் 'சவுண்டு லேப்' திறக்கப்போகிறார்கள், பயிலரங்கின் செவித்திறன் தேர்வில் முதலில் வருபவருக்கு வேலை என்று அறிவிப்பு வந்தபோது அன்சாரிடம் சொன்னாள்.

"அது கெடச்சா சொல்லு. விசாவ முடிச்சுக்கிட்டு வந்துடுறேன்" என்றார்.

பதினோரு வருடத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

இரண்டாம் நாள் பிற்பகல் தேர்வு தொடங்கியது. பரிதி வீடியோ கேமில் வரும் ஓர் ஒலியைப் போடுவார். கை தூக்கி விடை சொல்ல வேண்டும். சரியான விடை அவருடைய லேப்டாப்பில் முன்கூட்டியே இருந்தது.

முதல் ஒலி, சளக் புளக் என்று வந்தது. ஷம்சாத்துக்குப் பக்கத்தில் இருந்த அறிவுமதி எழுந்தாள். எம்.எஸ்சி. படித்தவள், படிக்கும்போதே அம்மாவோடு வயலில் இறங்கியவள்.

"நடவுங்க சார். சேத்துலேர்ந்து கால உருவுற சத்தம்."

பரிதி இரக்கத்தோடு சிரித்தார். விடை, 'சதுப்பு நிலத்தில் துரத்தும் பிணங்கள்'.

"பொணம் இவ்வளவு வேகமா நடக்காதுங்க. பக்கத்துல கங்காணி நின்னாத்தான் இந்த வேகம் வரும்" என்றாள் அறிவுமதி. பூஜ்யம்.

அடுத்த ஒலிக்கு ஷம்சாத் கை தூக்கினாள். போர் செட்டு தண்ணீர் கிடைக்காமல் காற்றை இழுக்கிறது என்றாள். அதுவும் பூஜ்யம். ஆயிரம் ஆண்டு தூங்கிய டிராகன் கண் விழிக்கிறதாம். "உங்களுக்குக் காது இருக்குங்க. கற்பனைதான் இல்ல" என்று பரிதி தீர்ப்புச் சொன்னார்.

ஷம்சாத் யோசித்தாள். மூன்றாவது, யாரோ எவர்சில்வர் தட்டைக் கீழே போட்ட சத்தம். அவள் 'வாள் சண்டை' என்றாள். பத்து மதிப்பெண். நான்காவது, மாவு அரைக்கும் கிரைண்டர். 'விண்வெளிக் கப்பல்' என்றாள். இன்னொரு பத்து. கூசத்தான் செய்தது. ஆனால் ஒவ்வொரு பொய்க்கும் ஷார்ஜா கொஞ்சம் கிட்டே வந்ததே, அதை என்ன செய்ய?

கடைசி ஒலிக்குத் திரையில் படமும் வந்தது. சோழ இளவரசன் குதிரையோடு ஆற்றங்கரையில் நிற்கிறான். தண்ணீர் சலசலவென்று ஓடுகிறது.

"காவிரிங்க" என்றாள் ஷம்சாத்.

அரங்கம் கைதட்டியது. வேலை அவளுக்குத்தான். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. பரிதி அத்தோடு விட்டிருக்கலாம். எப்படிக் கண்டுபிடித்தாள் என்பதை எல்லோருக்கும் விளக்கச் சொல்லி மைக்கைக் கொடுத்தார். நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"படத்தப் பாத்துத்தான் சார் சொன்னேன். சத்தம் காவிரி இல்லீங்க. சலசலக்கக் கல்லு வேணும். எங்க ஆத்துல கல்லு ஏது? மணல்தான். தண்ணி வந்தாலும் சத்தம் போடாமதான் போகும்."

அது சுவிட்சர்லாந்தில் டாலர் கொடுத்து வாங்கிய காவிரி என்று பரிதி விளக்கினார். பிறகு, உங்கள் காவிரி எப்படித்தான் இருக்கும், கேட்போமே என்று சிரித்தபடி கேபிளை நீட்டினார். ஷம்சாத் தயங்கினாள். அறிவுமதி அவளுடைய போனை வாங்கிச் செருகிவிட்டாள்.

புதன்கிழமை விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு அன்சாருக்காக எடுத்த ஒலி அது. மேட்டூர் திறக்காத ஆறு. முதலில் பொக்லைன் உறுமியது. பிறகு லாரித் தொட்டியில் மணல் கொட்டும் சத்தம். அப்புறம் ஒரு வண்டி பின்பக்கமாக வந்தது. அதன் ரிவர்ஸ் ஹாரன், பேட்டரி இறங்கி, இழுத்து இழுத்துப் பாடியது.

மேடையில் இளையபெருமாள் அவர்கள் நிறைவுரைக்கான மைக்கைக் கையில் பிடித்தபடி முதல் ஒலியிலிருந்தே 'தியானத்தில்' இருந்தார். சட்டென்று கண்ணைத் திறந்தார்.

"மருதையா, அது ஏழாம் நம்பர் வண்டிதானே? பட்டப்பகல்ல எவன்டா ஆத்துக்குள்ள எறக்குனது?"

மைக் ஆனில் இருந்தது. லாரிகளுக்கு மேனேஜரான மருதையன் முன்வரிசையில் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றார்.

"நம்ம வண்டிதாங்கய்யா. ஆனா இப்ப ஷெட்டுல நிக்குதுங்க."

'தொழில்நுட்பக் கோளாறு காரணமாக' நிறைவுரை ரத்தாகி, பயிலரங்கு நன்றியுரையோடு இனிதே முடிந்தது.

அடுத்த வாரம் ஷம்சாத்துக்குக் கடிதம் வந்தது. 'போதிய கற்பனைத் திறன் இன்மையால்' அவள் தேர்வாகவில்லை. வேலை மருதையனுக்குப் போயிற்று. சிலர் முணுமுணுத்தார்கள். பொறாமைக்காரர்கள். 'ஒலி வடிவமைப்பாளர்' மருதையன் பொறுப்பேற்ற ஒரே மாதத்தில் பதினான்கு லாரிகளிலும் ரிவர்ஸ் ஹாரனைக் கழற்றினார், புது சைலன்சர் மாட்டினார், பொக்லைனை அனுப்பிவிட்டு மண்வெட்டி ஆட்களை இறக்கினார். இவ்வளவு சீக்கிரம் பலன் தந்த பயிலரங்கு வேறு எங்காவது உண்டா?

அன்சார் விசாவை இன்னும் இரண்டு வருடத்துக்குப் புதுப்பித்துக்கொண்டார். ஆற்றில் வந்த தண்ணீர் வடிந்து மணல் தெரிந்ததும் ஷம்சாத் மறுபடி சத்தம் பிடித்து அனுப்பினாள். வெள்ளிக்கிழமை அவர் கூப்பிட்டார்.

"நீ அனுப்புனதுல ஒண்ணுமே கேக்கலியே. மணல் அள்ளுறத நிப்பாட்டிட்டாங்களா?"

ஷம்சாத் ஆற்றைப் பார்த்தாள். ஒன்பதாம் நம்பர் வண்டி பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது.

"இல்லீங்க. சத்தத்தத்தான் நிப்பாட்டியிருக்காங்க" என்றாள்.