அந்தோணியின் நீல லேன்யார்டு

கொஞ்சம் படித்துவிட்டவனுக்கு வாய் சும்மா இருக்காது. அன்று எனக்குக் கழுத்தும் சும்மா இல்லை.

ஓசூரில் ஒருவன் கழுத்தைப் பார்த்தே அவன் நிலவரத்தைச் சொல்லிவிடலாம். எங்கள் கம்பெனியில் அடையாளக் கார்டைத் தொங்கவிடும் கழுத்துக் கயிறு, அதாவது லேன்யார்டு, பர்மனென்ட் ஆட்களுக்கு நீலம், கான்ட்ராக்ட் ஆட்களுக்கு மஞ்சள். நான் மஞ்சள். சூளகிரியில் பெண் பார்க்க வரச் சொன்ன வீட்டிலோ பர்மனென்ட் மாப்பிள்ளைதான் வேண்டும் என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். ஸ்டெல்லாவின் போட்டோவைப் பார்த்த பிறகு உண்மை பேசும் தைரியம் எனக்கு இல்லை. (நீங்கள் பார்த்திருந்தால் நீங்களும் பொய் சொல்லியிருப்பீர்கள்.)

அறையில் என்னோடு தங்கியிருந்த அந்தோணி பர்மனென்ட். அவனுடைய நீலக் கயிற்றை இரவல் கேட்டேன். கொக்கி துருப்பிடித்திருந்ததால் அவன் போட்டோ போட்ட கார்டு கழலவில்லை.

"அப்படியே மாட்டிக்கோடா, கார்டை மட்டும் திருப்பி வச்சுக்கோ" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பெண்ணின் அப்பா கயிற்றைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"இதுக்கு ஏன் லேன்யார்டுன்னு பேரு, தெரியுங்களா மாமா?" (பெண் இன்னும் காபியே கொடுக்கவில்லை, அதற்குள் மாமா!)

பழைய பிரெஞ்சில் வாருக்கு இருந்த பெயரிலிருந்து வந்த சொல், கப்பல்காரர்கள் கத்தியை இதில் கட்டிக் கழுத்தில் தொங்கவிடுவார்கள் என்று முந்தின நாள் செல்போனில் படித்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டேன்.

"கை தவறுனாலும் கத்தி கடல்ல விழாது, பாருங்க" என்று கயிற்றைப் பிடித்து ஆட்டியும் காட்டினேன். கார்டு திரும்பிக்கொண்டது.

காபித் தட்டோடு நின்ற ஸ்டெல்லா குனிந்து பார்த்தாள். அவளுக்கு வேறொரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. எதையும் இரண்டு பக்கமும் பார்க்காமல் விடமாட்டாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

"போட்டோல இருக்கிறவரு நல்லாத்தான் இருக்காரு. அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சாங்க?"

கார்டைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"நான் கான்ட்ராக்ட்டுங்க. உண்மையச் சொன்னா உங்களப் பாக்கவே விடமாட்டாங்கன்னு பயந்துட்டேன்."

அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். ஸ்டெல்லா மட்டும் சிரித்தாள். "உங்க மூஞ்சி போட்ட கார்ட நீலக் கயித்துல மாட்டிட்டு வாங்க. அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."

மறு வருடம் பர்மனென்ட் ஆனதும் அப்படியே போனேன். கல்யாணமும் நடந்தது. அந்தோணிதான் மாப்பிள்ளைத் தோழன்.

இன்றும் கிறிஸ்துமஸுக்கு நானும் அந்தோணியும் சேர்ந்து போனால், மாமனார் வாசலுக்கே வந்து அவன் கையைத்தான் முதலில் பிடிப்பார். "வாங்க மாப்ள!"

பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, நீங்களும் வாங்க" என்பார்.