பறவைகளுக்குப் பூர்வீகம் பார்ப்பவர்

மாப்பிள்ளைக்குப் பூர்வீகம் விசாரிப்பவர்களை நமக்குத் தெரியும். பறவைக்கு விசாரிப்பவரைத் தெரியுமா? அடையாளம் சொல்கிறேன்: கழுத்தில் பைனாகுலர், வாயில் "இது நம்ம நாட்டுது இல்ல." ஜன்னலைத் திறந்து "அட, என்ன அழகு!" என்று நீங்கள் வாய் பிளப்பதற்குள், அது எந்த நாட்டிலிருந்து, யார் கூண்டிலிருந்து தப்பி, எப்படி இங்கே நுழைந்தது என்றெல்லாம் சொல்லி, அழகையும் கெடுத்து, உங்கள் காப்பியையும் குடித்துவிட்டுப் போவார்.

பினாங்கின் ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் தலைவர் ஜெயராஜ் இந்த இனத்தில் முதல் தரம். எதிர்வீட்டு நூர் பீவி அக்கா மைனாக்களுக்குச் சோறு வைப்பது அவருக்குப் பொறுக்காது.

"அக்கா, அது ஜாவாவுல இருந்து வந்ததுலா. சோறு போடாதீங்க."

"பசின்னு வந்தா ஐ.சி., அடையாள அட்டை எல்லாம் கேட்டுட்டா தம்பி சோறு போடுறது? சரி, எப்ப வந்திருந்தா சொந்தம்?"

"எங்க தாத்தா கப்பல்ல வந்து இறங்கினாரே, அதுக்கு முன்னால."

குயிலுக்கு மட்டும் விசாரணை கிடையாது. அது பாடும், ஆகவே நம்முடையது. காகம்? கரையும், ஆகவே வந்தேறி. கூட்டம் போட்டு, தீர்மானம் போட்டு, வாசல் மரத்திலிருந்த காக்கைக் கூட்டை ஆள் வைத்துக் கலைத்தார். கூட்டோடு ஒரு குஞ்சும் புல்லில் விழுந்தது. ஜெயராஜ் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். சிறகெல்லாம் புள்ளி. குயில் குஞ்சு!

"ஐயோ, இதுக்கு இனி யாருக்கா இரை குடுப்பா?"

"நேத்து வரைக்கும் குடுத்தவதான். கூப்பிடுங்க," என்றார் அக்கா.

பிறகு நடந்ததைக் குடியிருப்பே வராந்தாவில் நின்று வேடிக்கை பார்த்தது. தலைவர் நாற்காலி மேல் ஏறி, அக்காவின் வெங்காயக் கூடையில் குஞ்சை வைத்துக் கிளையில் கட்டி, தலையில் இரண்டு கொத்தும் வாங்கிக்கொண்டு, "வாம்மா, வந்து குடும்மா" என்று காகத்திடம் கெஞ்சினார். பூனை வந்தால் விரட்டினார். சாயங்காலம் காகம் இறங்கி வந்து குஞ்சின் வாயில் எதையோ திணித்தபோது, அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நானே பார்த்தேன்.

திருந்திவிட்டார் என்கிறீர்களா? அடுத்த கூட்டத்தில் அறிவித்தார்: "காக்கா இனி நிரந்தரவாசி. சிவப்பு ஐ.சி. குடுத்தாச்சு. மைனாவுக்குத்தான் இன்னும் விசாரணை நடக்குது."

சிரிக்கிறீர்கள். நல்லது. போன வாரம் உங்கள் மாடிக்குக் குடிவந்தவரிடம் "எந்த ஊரு?" என்று கேட்டீர்களே; அவரும் "பினாங்குதான்" என்றாரே. அதோடு விட்டீர்களா, இல்லை, "அது சரி, உண்மையில எந்த ஊரு?" என்று கழுத்தை நீட்டினீர்களா?