நேரலை அண்ணாச்சியும் ஆளில்லாத் தேர்தலும்

கோவில்பட்டி பிறந்த நாளிலிருந்து இன்றுவரை, வாயில் ஒரு புகழ்ச்சி வார்த்தைகூட வராத ஒரே மனிதர் நேரலை அண்ணாச்சிதான். தன் சொந்தக் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டபோதே, "பொண்ணு வந்துச்சு, தாலி கட்டுனேன், மழ இல்ல" என்று முடித்துக்கொண்டவர்.

தையல்கடைக்கு மேல் மாடியில் ஒரு லோக்கல் கேபிள் சேனல் நடத்தினார். முதலாளி, நிருபர், கேமராமேன் எல்லாம் அவரே. சாயங்காலச் செய்தி வாசிப்பது மட்டும் நான். ஒருமுறை "மாபெரும் பொதுக்கூட்டம்" என்று வாசித்துவிட்டேன். வெளியே வந்ததும் கேட்டார்: "மாபெரும்னா எவ்வளவு பெருசு தாயி? நீ அளந்தியா?" மறுநாள் கேமராவுக்குப் பின்னால் சுவரில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. மாபெரும், திரளான, அமோக, எழுச்சிமிகு. நான்கும் எனக்குத் தடை.

இன்னொரு குணமும் உண்டு. ஓட ஆரம்பித்த கேமராவை நிறுத்தவே மாட்டார். கால்நடை முகாமில் ஓர் எருமை ஊசி போட்டுக்கொள்ள மறுத்து நின்றதை, "ஒனக்கு ஊசி ஏன் வேண்டாம்?" என்று அதனிடமே மைக்கை நீட்டிக் கேட்டு, அது சம்மதிக்கிற வரைக்கும் நேரலையாகக் காட்டினார். ஊரே வேலையை விட்டுவிட்டு எருமை பக்கம் நின்றது. பட்டப்பெயர் அன்றைக்குத்தான் வந்தது.

இப்படிப்பட்டவர் கையில்தான் மார்க்கெட் வியாபாரிகள் சங்கத் தேர்தல் வந்து மாட்டியது.

தலைவர் வத்தல் மண்டிக்காரர். நான் பாவாடை கட்டிய காலத்திலிருந்து அவரே தலைவர். எதிரணிக்குப் பாத்திரக்கடைக்காரர். ஓட்டர் பட்டியலில் செத்தவர்கள் இருக்கிறார்கள், புது பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்காரர்கள் இல்லை என்பது அவர் புகார். அண்ணாச்சி பட்டியலோடு வீடு வீடாகப் போய்ச் சரிபார்த்தார்.

"ஒங்க அப்பா இந்தத் தடவ ஓட்டுப் போட வருவாவளா?" என்று ஒரு மளிகைக்கடைக்காரரிடம் கேட்டார்.

"அவிய தவறி ஆறு வருசமாச்சு அண்ணாச்சி. ஆனா போன தடவ போட்டாவன்னுதான் சொல்லுதாவ."

அன்றைய செய்தியில் அது அப்படியே வந்தது. பட்டியலைத் திருத்தத் தலைவர் மறுத்தார். எதிரணி தேர்தலைப் புறக்கணித்தது. எதிரே ஆளில்லாவிட்டாலும் ஓட்டுப்பெட்டி வைத்தே ஜெயிப்பேன் என்றார் தலைவர்.

தேர்தலுக்கு முந்தின நாள் காலையில் பாத்திரக்கடைக்காரர் மாடியேறி வந்தார். "இதை நீங்க காட்டவே கூடாது. டிவில வந்துட்டா அது தேர்தல்னு ஆயிப்போவும்."

"காட்டலன்னா நீங்க புறக்கணிச்சது யாருக்குத் தெரியும்?"

பாத்திரக்கடைக்காரர் யோசித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

மத்தியானம் தலைவர் வந்தார். எங்கள் சேனலில் மணிக்கொரு தடவை ஓடிய விளம்பரம் அவருடையது. "பெருசா ஒண்ணும் வேண்டாம். வியாபாரிகள் அமோக ஆதரவுன்னு ஒரு வரி. பாப்பா வாசிச்சாப் போதும்."

பாப்பாவாகிய நான் சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்தேன். அண்ணாச்சி, "நாளைக்கு முழுசும் நேரலைல போடுதேன்" என்றார். தலைவருக்குப் பரம சந்தோஷம். எருமையை அவர் மறந்துவிட்டார்.

மறுநாள் கல்யாண மண்டபத்தில் ஓட்டுப்பெட்டி. பக்கத்தில் ஓட்டுப் போட வருகிறவர்களுக்காகக் கடம்பூரிலிருந்து வாங்கி அடுக்கிய போளி. அண்ணாச்சி கேமராவைப் பெட்டிக்கு எதிரே நட்டார். ஓட்டு யாருக்கு என்று தெரியாத தூரம், ஆள் யார் என்று தெரிகிற தூரம். எட்டு மணிக்குத் தலைவர் வந்து போட்டார். அவர் மகன் போட்டார். கணக்குப்பிள்ளை போட்டார். அப்புறம் வெகுநேரம் மின்விசிறி சுற்றியது.

எதிரே டீக்கடையில் புறக்கணித்தவர்கள் உட்கார்ந்து இதையெல்லாம் டிவியில் பார்த்தார்கள். ஒரு தேர்தலை இவ்வளவு அக்கறையாக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பதினொரு மணிக்குத் தலைவரின் ஆட்கள் பதறிப்போய், காலையில் வந்தவர்களையே சட்டை மாற்றி அனுப்பினார்கள். அண்ணாச்சி மைக்கை எடுத்து, "கணக்குப்பிள்ளை மறுபடியும் வந்திருக்காவ. காலைல வெள்ளச் சட்ட, இப்ப கோடு போட்டது" என்றார். டீக்கடையில் விசில் பறந்தது.

அந்த விசிலும் நீடிக்கவில்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒருவர் உள்ளே நுழைந்தார். பாத்திரக்கடைக்காரரின் சொந்த மச்சான். "எதிரணிப் பொருளாளர் வந்திருக்காவ" என்றது மைக். அவர் பெட்டியைத் தாண்டிப் போய் இரண்டு போளியை எடுத்தார். "ஓட்டுக்கு வரல. போளிக்கு வந்திருக்காவ."

இப்போது இரண்டு அணிக்கும் அண்ணாச்சி எதிரி.

சாயங்காலம் எண்ணி முடித்தார்கள். தலைவர் மாலையோடு கேமரா முன்னால் நின்றார். நான் பக்கத்தில் நின்றேன், என் வேலை இன்றோடு போகுமா நாளையோடு போகுமா என்ற யோசனையில்.

"ஒங்களுக்கு எதிரா எத்தன ஓட்டு தலைவரே?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"ஒண்ணுகூட இல்ல. நிக்கவே ஆளில்லயே."

"அப்ப நீங்க யார ஜெயிச்சீங்க?"

நக்கல் இல்லை. எருமையிடம் கேட்ட அதே குரல். தலைவர் மேலே மின்விசிறியைப் பார்த்தார். மாலையைச் சரிசெய்தார். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் "சாப்பிட்டுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு மண்டபத்தை விட்டு இறங்கினார்.

மறுநாளே விளம்பரம் நின்றது. மார்க்கெட் பக்கத்து டிவிகளில் எங்கள் சேனலும் நின்றது. நான் அழாத குறையாக இருந்தேன். அண்ணாச்சியோ வழக்கம்போல அதே மண்டிக்குப் போய் வத்தல் வாங்கி வந்தார். "செய்தி வேற, வத்தல் வேற. அவிய சரக்கு நல்லாருக்கும்" என்றார். எனக்குத் தெரிந்து அவர் வாயிலிருந்து வந்த பாராட்டு அது ஒன்றுதான்.

இரண்டு வாரம் கழித்துத் தலைவர் தனியாக மாடியேறி வந்தார். முகம் வாடியிருந்தது.

"எங்க போனாலும் யார ஜெயிச்சீங்கன்னு கேக்கானுவ. முடிவெட்டுத கடையில கேக்கான். நேத்து ராத்திரி சோறு போடும்போது வீட்லயும் கேட்டுட்டாவ."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கூடக் கொஞ்சம் ரசம் கேட்டேன்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "பட்டியலத் திருத்திருதேன். மறுபடியும் வச்சிருவோம். அந்தப் பாத்திரக்கடைக்காரன நிக்கச் சொல்லுங்க."

"நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க. நான் காட்டுதேன்."

சொன்னார், கேமரா முன்னால். பாத்திரக்கடைக்காரர் நின்றார். மண்டபத்துக்கு வெளியே வரிசை ரோடுவரை வந்தது. சட்டை மாற்ற யாருக்கும் நேரமில்லை. தலைவர் பதினோரு ஓட்டில் ஜெயித்தார். மூச்சு வாங்க ஓடி வந்து என் கையிலிருந்த தாளைப் பிடித்தார். "பாப்பா, எனக்கு எதிரா எத்தன பேரு போட்டாவன்னு மறக்காம வாசி. அதை மொதல்ல வாசி." அவர் கண் கலங்கியிருந்ததையும் கேமரா காட்டியது. அண்ணாச்சி அதற்கு ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை.

நான் கல்யாணமாகி மதுரைக்கு வந்துவிட்டேன். அண்ணாச்சி இப்போது யூடியூபில் நடத்துகிறார். போன வாரம் இடைசெவல் கண்மாய் தூர்வாருவதை மூன்று மணி நேரம் காட்டினார். முடிந்ததும் எனக்குப் போன் செய்தார்.

"எத்தன பேரு பாக்காவன்னு இதுல தெரியுது தாயி. இன்னைக்கு ஒரே ஒருத்தர்தான். ஆனா கடைசி வரைக்கும் இருந்தாவ."

"அப்படியா அண்ணாச்சி" என்றேன். கண்மாயையே பார்த்துக்கொண்டிருந்ததில், அடுப்பில் என் சோறு குழைந்து கஞ்சியாகியிருந்தது.